முப்பது நிமிடப் பசை

அத்தியாயம் 4

உடைந்த விமானம் மூன்று சாக்குப் பைகளில் கிடந்தது. ஒன்றில் வால், ஒன்றில் உடம்பு, மூன்றாவதில் இறக்கைகள்.

"பிரேதப் பரிசோதனைக்கு வந்த மாதிரி இருக்கு மேடம்," என்றான் கமா. "வேணும்னா நான் வாசல்ல நின்னு கொஞ்சம் அழட்டுமா?"

"பையை அவிழ்," என்றார் மேடம்.

கமாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில், முற்றுப்புள்ளி இல்லாமல் பேசுகிறவன் என்று ஒரு வக்கீல் வைத்த பட்டம் அது. வேலை போனது, தலைமுடி போனது, பட்டம் மட்டும் போகவில்லை. மேடம் நேர் எதிர். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களையும் எரிந்த கிடங்குகளையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். இப்போது தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். ஒரு வாக்கியத்தில் நாலு வார்த்தைக்கு மேல் போனால் தொண்டை வலிக்கும் என்பதுபோல் பேசுவார்.

ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் இந்த விமானம் பறந்துகொண்டிருந்தது. ரிமோட்டில் ஓடும் மாடல் விமானம். ஆனாலும் இறக்கை ஓர் ஆள் நீளத்துக்கு மேல். மேலே குட்டிக்கரணம் போட்டபோது இறக்கை நடுவில் மடிந்தது. சுழன்றுகொண்டு வந்த உடம்பு, ஓரமாக நின்றிருந்த ஒரு பெண்ணின் முகத்தில் இறங்கியது. விமானத்தைச் செய்தவனின் மனைவி அவள். இடது கண் போய்விட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டிச் சம்பாதித்தவள். கண்ணோடு லைசென்ஸும் போயிற்று.

போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. தையல்கடை வைத்திருக்கும் அவளுடைய அக்கா மட்டும் நம்பவில்லை. இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து மேடத்தின் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள்.

"வேணும்னேதான் செஞ்சான். பதினோரு வருஷமா பொண்டாட்டியை மைதானத்துப் பக்கமே கூட்டிட்டுப் போகாதவன், அன்னிக்கு மட்டும் எதுக்குக் கூட்டிட்டுப் போனான்? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

மூன்று நாள் அலைந்ததில் ரிமோட் பழுதில்லை, காற்று அடிக்கவில்லை என்று தெரிந்தது. மிச்சம் இருந்தது இறக்கை ஒன்றுதான். அதற்காகத்தான் இந்தக் கடையின் பின்னறை.

கடைக்காரர் மாடல் விமானச் சாமான்கள் விற்பவர். பறக்கவிடுகிறவர்கள் சங்கத்துக்கு அவரே செயலாளர். விரல் நுனிகள் எல்லாம் காய்ந்த பசை. கைகொடுத்தால் திரும்பக் கிடைக்குமா என்று கமா யோசித்தான்.

"வாத்தியார் செஞ்ச விமானம் உடையறதுன்னா நம்பவே முடியலைங்க," என்றார் அவர். "அவர் பல்செட்டு செய்யற லேபில வேலை பார்க்கறவர். ஆனா இங்க எல்லாரும் பசை வாத்தியார்னுதான் கூப்பிடுவோம். எந்த எடத்துக்கு எந்தப் பசைன்னு அவரைக் கேக்காம யாரும் மூடியைத் திறக்க மாட்டாங்க."

"பசைன்னா ஒட்டணும்," என்றான் கமா. "அதுல எதுக்கு சார் வாத்தியாரும் பாடமும்?"

"செருப்புன்னா நடக்கணும். அதுக்காகப் பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கிட்டு மலை ஏறுவீங்களா?"

கமா வாயை மூடினான். அரை நிமிஷம்.

கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பால்சா மரச் சட்டங்களுக்கு வெள்ளை மரப்பசை. ஒரு ராத்திரி காயணும், ஆனால் லேசு. சின்னச் சின்ன ஒட்டுக்கு சூப்பர் க்ளூ. பத்து எண்ணுவதற்குள் பிடித்துக்கொள்ளும். ஆனால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி, அதிர்ச்சி வந்தால் படக்கென்று விட்டுவிடும். தெர்மாகோல் மேல் பட்டால் கரையான் மாதிரி தின்றுவிடும். அப்புறம் இரண்டு குழாயைக் கலந்து போடும் எபாக்சி. அதில் அஞ்சு நிமிடத்தில் இறுகுவது ஒன்று, முப்பது நிமிடத்தில் இறுகுவது ஒன்று.

"ரெண்டு இறக்கையும் நடுவுல சேர்ற எடத்துக்கு முப்பது நிமிஷத்தது மட்டுந்தான். மெதுவா மரத்துக்குள்ள எறங்கும். அவசரப்படாத பசைதான் கடைசிவரைக்கும் கூட வரும்னு வாத்தியார் சொல்லுவார்."

"பெண் பார்க்கப் போற வீட்ல சொல்ல வேண்டியதைப் பசைக்குச் சொல்லியிருக்கார்," என்றான் கமா.

மேடம் அலமாரியின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன விமானத்தைக் காட்டினார். விமானி உட்காரும் இடத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடி வெள்ளையாகப் படலம் பிடித்திருந்தது.

"இது?"

"ஒரு கஸ்டமர் பண்ணின கூத்துங்க. உள்ள சூப்பர் க்ளூ போட்டு மூடி வச்சுட்டார். அதோட ஆவி மேல போய்ப் படிஞ்சிடுச்சு. புரை விழுந்த கண்ணு மாதிரி. தேய்ச்சாலும் போகாது."

மேடம் தலையசைத்துவிட்டு இறக்கைகளிடம் போனார். லென்ஸை எடுத்து, உடைந்த வாயைப் பல் டாக்டர் மாதிரி பார்த்தார். நேரமாயிற்று. கமா இரண்டு முறை கொட்டாவி விட்டான்.

"இங்க ரெண்டு பசை இருக்கு," என்றார் கடைசியில்.

கடைக்காரர் குனிந்தார். மரத்துக்குள் ஊறிய மஞ்சள் எபாக்சி ஒன்று. அது விரிசல் விட்டிருந்தது. விரிசலின் மேல் இன்னொன்று, கண்ணாடிபோல, சொட்டுச் சொட்டாக வழிந்து உறைந்திருந்தது. அவர் முகம் மாறியது.

"இது சூப்பர் க்ளூ. ஒரு தடவை விட்டுப்போன ஒட்டு மேல ஊத்தியிருக்காங்க. வாத்தியார் செத்தாலும் இதைச் செய்ய மாட்டார்."

வழிசலில் மஞ்சள் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. மேடம் சாமணத்தால் ஒன்றைப் பிய்த்துக் காகிதத்தில் மடித்தார். பிறகு உடம்புப் பையைக் கிளறி, மூடியின் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அது எதுக்கு மேடம்? நினைவுப் பரிசா?"

"நல்லா தெளிவா தெரியுது," என்று கைப்பையில் போட்டுக்கொண்டார்.

காரில் கமா ஓட்டினான், வாயும் ஓடியது. "அக்காக்காரி சொன்னது சரிதான் மேடம். எந்தப் பசை விட்டுப்போகும்னு அவனைவிட யாருக்குத் தெரியும்? வேணும்னே தப்பான பசையைப் போட்டிருக்கான்."

"அவன்னா இப்படி வழிய விடுவானா?"

"ம்."

"பாதிப் பாட்டிலைக் கொட்டி, துணியால அழுத்திப் பிடிச்சிருக்காங்க. இது திட்டம் போட்ட கை இல்ல. பயந்த கை."

நாலு வார்த்தைக்கு மேல் போய்விட்டது. விஷயம் பெரியது என்று கமாவுக்குப் புரிந்தது.

மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தது அக்காக்காரிதான். கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். "மாப்பிள்ளை பால்கனி ரூம்ல இருக்கார்," என்றாள். மாப்பிள்ளை என்ற வார்த்தையைக் கசப்பு மாத்திரையை விழுங்குவதுபோல் சொன்னாள். மேடம் அவளைக் கூடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். கமா பின்னாலேயே போனான்.

தங்கை டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணில் வெள்ளைத் துணிக்கட்டு. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. டம்ளரின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு, கெட்டிலை விரல்மேல் படும்வரை கொண்டுவந்து ஊற்றினாள். அப்படியும் கொஞ்சம் மேடையில் கொட்டியது. ஜன்னல் கம்பியில் தொங்கிய மஞ்சள் துணியை இழுத்துத் துடைத்தாள்.

மேடம் அந்தத் துணியைப் பார்த்தார். கமாவும் பார்த்தான்.

"வேன் கண்ணாடி துடைக்கிற துணியா?"

"ஆமா மேடம். இப்பதான் வேன் இல்லையே. அடுப்படிக்கு வந்துடுச்சு."

"எந்தக் கிழமை உடைச்சீங்க?"

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை. ரொம்ப நாளாக யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவள்போல இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம். பரண்லேருந்து பெட்டியை இறக்கினேன். கை நழுவிடுச்சு. கீழ மேசை மேல விமானம் முழுசா பூட்டி வச்சிருந்தார். நடுவுல படக்குன்னு ஒரு சத்தம். விமானத்து மேல் மூடியைத் திறந்து பார்த்தா, உள்ள இறக்கை ஒட்டு விரிஞ்சிருக்கு. அவர் வர ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. அவர் பசைப் பெட்டில இருந்த சின்னப் பாட்டிலை ஊத்தி, இந்தத் துணியால அழுத்திப் பிடிச்சு, மூடியை மூடிட்டேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா," என்றான் கமா.

"முன்னாடி ஒரு தடவை பெருக்கும்போது வாலை இடிச்சுட்டேன் சார். அடிக்கல. திட்டல. நாலு மாசம் பேசல. சோறு போட்டா சாப்பிடுவார். பக்கத்துலதான் படுப்பார். நாலு மாசம்." டம்ளரை நகர்த்தினாள். "அதுக்கு அடிச்சிருக்கலாம்."

கமா ஒரு தட்டை எடுத்து டம்ளர்களை அதில் வைத்தான்.

"ஞாயித்துக்கிழமை என்னையும் வரச் சொன்னார். பதினோரு வருஷத்துல முதல் தடவை. சந்தோஷமா பயமான்னு எனக்கே தெரியல. மேல போகும்போது சாமி சாமின்னு பார்த்துக்கிட்டே நின்னேன். ஓடணும்னுகூடத் தோணல."

"அப்புறம் அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆஸ்பத்திரில சொல்லிட்டேன். நான்தாங்க ஒட்டினேன், என் கண்ணை நானே கெடுத்துக்கிட்டேன்னு அழுதேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சுட்டேன்னார். பக்கத்து பெட்டுக்காரங்ககூட அழுதாங்க. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு நர்ஸ் சொன்னா." குரலைத் தாழ்த்தினாள். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அதுக்கப்புறம் வீட்ல ஒரு சண்டை இல்ல. நல்லா பேசறார். கண்ணு போனாலும் வீடு நல்லா இருக்கு மேடம்."

கேஸ் முடிந்தது என்று கமா நினைத்தான். விபத்துதான். அக்காக்காரியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. மதியச் சாப்பாட்டுக்குள் ஆபீஸ் போய்விடலாம். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு அவன் வெட்கப்பட்டான்.

மேடம் இன்னும் ஒன்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை வண்டில ஏத்தறப்போ மேல் மூடி எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போல பளபளன்னுதான் இருந்துச்சு. ஏன் மேடம்?"

"ஒண்ணுமில்ல. டீயை அங்கயே கொண்டு வாங்க."

பால்கனி அறையில் பாட்டில்கள் உயரவரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு. மேசையில் புது விமானம் ஒன்றின் எலும்புக்கூடு, பாதி முடிந்திருந்தது. பசை வாத்தியார் மெலிந்த மனிதர். வெட்டிச் சுத்தம் செய்த நகங்கள். எழுந்து நின்று நாற்காலி போட்டார். குரல் மெதுவாக, அளந்து வந்தது.

"விசாரணை இன்னும் முடியலையா மேடம்?"

"முடிஞ்ச மாதிரிதான். இவனுக்குத்தான் ஒரு ஆசை. மாடல் விமானம் செய்யணுமாம்."

கமாவுக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் பதினைந்து வருஷப் பழக்கம். "ஆமா சார். எல்லாம் சரியா வருது, அந்தக் கண்ணாடி மூடியை எதுல ஒட்டறதுன்னுதான் தெரியல. சூப்பர் க்ளூ போட்டா என்ன?"

வாத்தியாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. தெரிந்த பாடம்.

"போடவே கூடாது. மூடிக்குன்னு தனிப் பசை இருக்கு. பால் மாதிரி இருக்கும், காய்ஞ்சா நிறமே தெரியாது. சூப்பர் க்ளூ பக்கத்துல வந்தாலே ஆவி படிஞ்சு வெள்ளையாயிடும்."

"மூடியில படாம உள்ள எங்கயாவது போட்டா?"

"உள்ள போட்டு மூடினாலும் அதே கதிதான். மறுநாள் காலைல பார்த்தா பனி படிஞ்ச ஜன்னல் மாதிரி இருக்கும்."

"தேய்ச்சு எடுத்துட்டா?"

"போகாது. மூடியையே மாத்தணும். மத்தவங்க கடையில வாங்கணும். எனக்குக் கவலையில்ல, அச்சு வச்சிருக்கேன். லேபுக்குப் போனா ரெண்டு நிமிஷத்துல புதுசு எடுத்துடுவேன்."

மேடம் கைப்பையைத் திறந்தார். உடைந்த மூடித் துண்டை மேசையில், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னால் இருந்த பாட்டில் சீட்டின் எழுத்து அதன் வழியாகத் துல்லியமாகத் தெரிந்தது.

"இதை எப்ப மாத்தினீங்க? சனிக்கிழமையா?"

வாத்தியார் துண்டைத் தொடவில்லை.

"வெள்ளிக்கிழமை உள்ள பாதிப் பாட்டில் கொட்டியிருக்கு," என்றார் மேடம். "சனிக்கிழமை மூடி வெளுத்திருக்கும். ஞாயித்துக்கிழமை பளபளன்னு இருந்திருக்கு. வேற மூடி. அதைப் பொருத்தணும்னா பழசைத் தூக்கணும். தூக்கினா நேர் கீழ ஒட்டு. உங்க கண்ணுக்கு அது தப்பாது."

கமா மேசைமேல் கிடந்த மூடித் துண்டைப் பார்த்தான். மூடியை மாற்றியவன் இறக்கையை ஏன் விட்டான்?

வாத்தியார் ஒரு துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். விரல்களில் ஒன்றும் இல்லை.

"பதினோரு மாசம் உக்காந்து கட்டினது மேடம் அது," என்றார். "நான் வேணும்னு யாரையும் அடிக்கல. அவ சொல்லட்டும்னு காத்திருந்தேன். சனிக்கிழமை காலைல சாப்பிடும்போது காத்திருந்தேன். ராத்திரி காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. என்னை முட்டாளாக்கிட்டு எதுத்தாப்ல உக்காந்து சிரிக்கறா. சரி, எல்லார் முன்னாடியும் உடையட்டும்னு விட்டேன். யாரு உடைச்சதுன்னு அவ வாயாலயே வரட்டும்னு."

"மூடியை மட்டும் எதுக்கு சார் மாத்துனீங்க?" என்றான் கமா. அவன் குரலில் கிண்டல் இல்லை.

"வெளுத்த மூடியோட மைதானத்துக்குப் போக முடியுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

வாசலில் தட்டோடு தங்கை நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் அக்கா. அக்கா தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சனிக்கிழமையே தெரியுமா?" என்றாள் தங்கை.

"நீ சொல்லியிருக்கணும்."

"ஆஸ்பத்திரில சொன்னேனே. மன்னிச்சுட்டேன்னீங்களே."

"மன்னிச்சேன்தானே. இல்லைங்கறியா?"

அவள் ஓர் அடி உள்ளே வந்தாள். பிறகு, கணக்கு டீச்சரிடம் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்: "என்னங்க, அன்னிக்கு அந்த எடத்துல நில்லுன்னு நீங்கதானே காட்டினீங்க. வேலிக்கு மைதானத்துப் பக்கம் என்னைத் தவிர யாருமே நிக்கல. அங்க எதுக்கு நிறுத்தினீங்க?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வேலிக்குப் பின்னாடி கூட்டம். மறைக்கும்."

"எனக்கு விமானம் மறைக்கும்னா?"

பதில் வரவில்லை.

"என் முகம் உங்களுக்கு மறைக்கும்னா?"

அதற்கும் பதில் வரவில்லை. அக்காக்காரி எந்தக் கேள்விக்குப் பதில் தேடி மேடத்தின் படியேறினாளோ, அந்தப் பதில் அந்த மௌனத்தில் இருந்தது. அவள் அதைக் கேட்டு ஜெயித்தவள்போல் நிற்கவில்லை. தங்கையின் பக்கத்தில் போய் நின்றாள்.

தங்கை உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். நாலு உடுப்பும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்து செருப்பைத் தேடினாள். வாத்தியார் அறை வாசலிலேயே நின்றார். தடுக்கவில்லை.

"சொட்டு மருந்து நாலு மணிக்குப் போடணும்," என்றார். "ஃபிரிட்ஜ்ல, கதவுப் பக்கம் இருக்கு."

அவள் திரும்பிப் போய் அதையும் எடுத்துக்கொண்டாள்.

காரில் பின்சீட்டில் அக்காவும் தங்கையும்.

"சட்டம் என்ன சொல்லும் மேடம்?" என்றாள் அக்கா.

"குறி பார்த்து அடிக்கல. உடையும்னு தெரிஞ்சும் ஆளை நிறுத்திப் பறக்க விட்டிருக்கார். மூடித் துண்டும், அவர் சொன்னதை நாங்க காதால கேட்டதும் இருக்கு. கேஸ் நிக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப எதுக்கு? வீட்டுக்குப் போகலாம்டீ," என்று அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள்.

"ஸ்டேஷனுக்கு விடுங்க சார்," என்றாள் தங்கை.

காவல் நிலையத்தில் மதிய உணவு முடிந்து எழுத்தர் பல் குத்திக்கொண்டிருந்தார். பழைய கோப்பைத் தேடி எடுத்தார். "விபத்துன்னு எழுதி மூடியாச்சேம்மா. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"தெரியும். இப்ப புகார் குடுக்க வந்திருக்கேன். முதல்ல நான் உடைச்சதை எழுதுங்க. நான் ஒட்டினதையும், சொல்லாம மறைச்சதையும்."

அக்கா அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்க்கவில்லை.

"அப்போ யார் மேலம்மா புகார்? கண்ணு போனதுக்கு யாரைச் சொல்றீங்க?"

"கண்ணுக்கு இல்ல சார். முந்தின நாளே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என்னைக் கூட்டிட்டுப் போய், எடம் காட்டி நிறுத்தியிருக்கார். அப்புறம் ஆறு வாரமா மன்னிச்சிருக்கார்."

எழுத்தர் பேனாவை மேசையில் உருட்டினார். மேடத்தைப் பார்த்தார், கமாவைப் பார்த்தார்.

"மன்னிச்சதுக்கெல்லாம் சட்டத்துல பிரிவு கிடையாதும்மா."

"எந்தப் பிரிவு இருக்கோ அதுல எழுதுங்க," என்றாள் அவள். "இதையும் கீழ ஒரு வரி சேர்த்துடுங்க. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அவர் புதுத் தாள் ஒன்றை உருவினார். தேதி போட்டார்.